மூணாவது நம்பர்

இந்தக் கூடையை ஒரு நிமிஷம் மடியில் வைத்துக்கொள்கிறீர்களா, தாயி? மேலே வைத்தால் பஸ் திரும்புகிறபோது கவிழ்ந்துவிடும். கனம் இல்லை. தேங்காய் மூடி, திருநீறு, அப்புறம் வாழையிலையில் மடித்த இரண்டு பொட்டலம். அந்தப் பொட்டலத்தை மட்டும் அழுத்திவிடாதீர்கள். உள்ளே பூ இருக்கிறது.

நீங்கள் பாலம் தாண்டித்தானே இறங்கணும்? நல்லதாகப் போயிற்று. நானும் பாலம் தாண்டித்தான். முன்னே எல்லாம் இந்தக் கோயிலுக்கு வர ஊரைச் சுற்றிக்கொண்டு வரணும். இப்போது பாலம் வந்தபிறகு எல்லாருக்கும் சௌகரியம். என் மகன் வேலை பார்த்த பாலம் அது. ஆவுடையப்பன் என்று பேர். கல்வெட்டில் தேடாதீர்கள், அதில் திறந்துவைத்தவர்கள் பேர்தான் இருக்கும். அவன் வேலை சிமெண்ட் குழைக்கிறதும் இல்லை, கம்பி கட்டுகிறதும் இல்லை. எது எது கெட்டுப்போகும் என்று முன்னாடியே கணக்குப் போட்டுச் சொல்லுகிற வேலை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தவள்தான். "இதுக்கு இஞ்சினியர் படிப்பு எதுக்குப்பா? உங்க அத்தையைக் கூட்டிட்டுப் போ. சம்பளம் வாங்காம சொல்லுவா" என்றேன். அவனும் சிரித்தான். அப்போதெல்லாம் சிரிப்பான்.

பாலம் கட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே வீடு எடுத்து என்னையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். மகளைக் கட்டிக்கொடுத்துக் கோயம்புத்தூர் அனுப்பியாயிற்று, இவனுக்குச் சோறு பொங்க நான் ஒருத்திதானே. ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டேன், கெட்டுப்போகிறதை எப்படியப்பா கணக்குப் போடுவாய் என்று. இட்லியைப் பிட்டு வைத்தே சொல்லிக்கொடுத்தான். ஒவ்வொரு வேலைக்கும் மூன்று நம்பர் எழுதணுமாம். எல்லாம் நல்லபடியாக நடந்தால் எத்தனை நாள், அது ஒரு நம்பர். சாதாரணமாக நடந்தால் எத்தனை நாள், அது இரண்டாவது. எல்லாம் கெட்டுப்போனால் எத்தனை நாள், அது மூணாவது நம்பர். இப்படி ஒரு பாலத்துக்கு நூற்றுக்கணக்கில் வேலை. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டால், அது அந்தப் பாலத்தைப் பத்தாயிரம் தடவை தனக்குள்ளேயே கட்டிப் பார்க்குமாம். ஒரு தடவை நல்ல நம்பர் விழும், ஒரு தடவை கெட்ட நம்பர் விழும், பெரும்பாலும் கலந்து விழும். கடைசியில், நூற்றுக்கு எத்தனை தடவை மழைக்கு முன்னால் வேலை முடிகிறது என்று சொல்லிவிடும்.

எனக்கு ஆறாம் வகுப்புப் படிப்பு. ஆனால் இது புரிந்துவிட்டது. "அட, பூக்கட்டிப் பார்க்கிற மாதிரில்லா இருக்கு!" என்றேன்.

"அதேதான்ம்மா. நீ ஒரு தடவை போடுவே, இது பத்தாயிரம் தடவை போடும்."

"அத்தனை தடவை கேட்டா சாமிக்குக் கோவம் வராதா?"

"நீ வெள்ளை வார வரைக்கும் போடுவியே, அப்பம் மட்டும் கோவம் வராதோ? உன் கணக்குல நூத்துக்கு நூறும் வெள்ளைதான்."

அப்படிக் கேலி பேசுவான். உங்களுக்குத்தான் தெரியுமே, வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சன்னதியில் போட்டுவிட்டு ஒன்றை எடுக்கிறது. வெள்ளை வந்தால் அம்மன் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. நான் வெள்ளை வரும்வரைக்கும் போடுகிறேன் என்பது சும்மா சொல்வது. மனசு ஒருநிலையில் இல்லாமல் போட்டால் அது கணக்கில் சேராது. அந்த மாதிரி நேரத்தில் மட்டும் திரும்பப் போடுவேன்.

அந்த வேலைக்கு நடுவில் ஒருத்தன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். உச்சிமாகாளி. ஆற்றுக்குள் பம்ப் ஓட்டுகிறவன். ஆற்று நடுவே தூண் எழுப்பணும் இல்லையா, அதுக்குச் சுற்றிலும் மண்ணால் கரை போட்டு, உள்ளே ஊறுகிற தண்ணீரை டீசல் பம்ப் வைத்து இறைத்துக்கொண்டே இருக்கணும். இறைக்கிறது நின்றால் குழி நிறைந்துவிடும். அதனால் அவன் எந்நேரமும் டீசல் வாசனையோடுதான் வருவான். வாசலிலேயே நின்று, "பெரியம்மா, நான் வந்திருக்கேன்னு சொல்ல வேண்டாம், மூக்கே சொல்லியிருக்கும்" என்பான். அவன் பெண்சாதி அப்போது முழுகாமல் இருந்தாள். சாப்பிட்டுக்கொண்டே என் மகனைச் சீண்டுவான்.

"சார், எனக்கும் அந்தப் பொட்டியில போட்டுப் பாருங்க. பொண்ணா, பையனா?"

"அதுக்கு மூணு நம்பர் வேணும்ல உச்சி."

"இந்தா தாரேன். நல்லா நடந்தா பொண்ணு. சாதாரணமா நடந்தா பையன்."

"கெட்டுப்போனா?"

"ரெட்டைப் பிள்ளை!"

நான் உடனே வாயைப் பொத்தச் சொன்னேன், "பிள்ளை விஷயத்துல கெட்டுப்போனாங்கிற பேச்சே வரக்கூடாது" என்று. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பின்னாடி பெண்தான் பிறந்தது, தாயி. நல்ல நம்பர்தான் விழுந்தது.

என் சுபாவம் அப்படி. என் வீட்டில் அரிசி தீர்ந்தால் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன், நிறைஞ்சிருக்கு வாங்கிட்டு வா என்பேன். விளக்கை அணை என்று என் பிள்ளைகள் சொன்னதே கிடையாது. குளிர வை என்றுதான் வரும். வாசலை விட்டு இறங்கும்போது போறேன் என்று சொன்னால் கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணி குடிக்கக் கொடுத்து, வாரேன் என்று சொல்லவைத்துத்தான் அனுப்புவேன். சொல்லுக்கு அவ்வளவு பலம். நம் தலைக்கு மேல் தேவதைகள் போய்க்கொண்டே இருக்குமாம், யார் வாயில் எது வருகிறதோ அதற்கு அப்படியே ஆகட்டும் என்று சொல்லிக்கொண்டு. என் வீட்டுக்காரருக்கு அப்படித்தானே ஆயிற்று! வயிற்றுவலி என்றுதான் கூட்டிக்கொண்டு போனேன். அந்த டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, நல்லா இருந்தா இத்தனை மாசம், இல்லைன்னா தை தாண்டாது என்றார். என் முன்னாலேயே, அவர் முன்னாலேயே சொன்னார். தை தாண்டவில்லை. அந்த வாய் மட்டும் திறக்காமல் இருந்திருந்தால்… சரி, விடுங்கள்.

ஆவுடைக்கு அப்போது பள்ளிக்கூடத்துப் பிராயம். டாக்டர் சொன்னதை அவனும் கேட்டுக்கொண்டுதான் நின்றான். பிற்காலத்தில் இந்த வேலைக்கே ஏன் போனான் என்று நான் யோசித்ததுண்டு. யோசித்து என்ன?

சங்கதிக்கு வருகிறேன். அந்த நடுத்தூணுக்கு அஸ்திவாரம் போடுகிற வேலை ஐப்பசிக்கு முன்னால் முடியணும். அதற்கும் மூன்று நம்பர் எழுதினான். நல்லபடியாக நடந்தால் பன்னிரண்டு நாள். சாதாரணமாக நடந்தால் இருபது. மூணாவது நம்பர் நாற்பத்தைந்து. இங்கே வெயில் அடித்தாலும் மேலே மலையில் மழை பிடித்தால் அணையைத் திறந்துவிடுவார்களாம். பழைய வருஷத்துக் கணக்கெல்லாம் பார்த்துத்தான் எழுதினான். கம்ப்யூட்டர் ஓட்டினால், நூற்றுக்கு நாற்பது தடவைதான் மழைக்கு முன்னால் முடிகிறது. எண்பதுக்கு மேலே வந்தால்தான் ஆற்றுக்குள் வேலை நடக்கலாம், இல்லையென்றால் ஆட்களையும் மிஷினையும் கரையேற்றிவிட்டு, தை பிறந்து திரும்ப வரணும். கம்பெனியில் அப்படி ஒரு சட்டம்.

மேனேஜர் சந்தானம் என்று ஒருத்தர். மரியாதையான மனுஷன், வீட்டுக்கு வந்தால் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வருவார். எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துதான் சொன்னார்.

"ஆவுடை, அந்த நாப்பத்தஞ்சு ரொம்ப அதிகம்ப்பா. எந்தக் காலத்துலயோ ஒருக்க நடந்தது. குறைச்சுப் போட்டு ஓட்டிப் பாரேன்."

"நடந்ததுதானே சார்."

"எல்லாரும் நடந்ததையே நினைச்சா ஊர்ல ஒரு பாலம் நிக்காது."

"பாலம் தைக்குப் பிறகு நிக்கும் சார்."

அப்படி அடித்துச் சொல்லிவிட்டான். அவரும் விடவில்லை, வந்து வந்து கேட்டார், போனில் கேட்டார், உனக்கு ப்ரமோஷன் இருக்கு என்றார், வடக்கே மாற்றிப்போடுவேன் என்றார். என் பிள்ளை அசையவில்லையே! மேலிடத்து ஆளாலேயே அவனை ஒரு நம்பர் குறைக்க வைக்க முடியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு உறுதி. அவங்க அப்பா மாதிரி.

இதற்கிடையில் நானும் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். கோயிலுக்கு வந்து பூப் போட்டேன், பிள்ளை எடுத்த காரியம் நல்லபடி முடியுமா என்று. முதல் தடவை சிவப்பு வந்தது. அன்றைக்குக் கூட்டம், பின்னாலிருந்து ஒருத்தி இடித்துக்கொண்டே இருந்தாள், அதில் என்ன மனசு நிற்கும்? வெள்ளிக்கிழமை வந்து போட்டேன். அதற்குப் பிறகும் போட்டேன். வெள்ளை வந்தது. அந்தப் பூவைக் கொண்டுபோய் அவன் கம்ப்யூட்டர் மேலே வைத்தேன். "எத்தனையாவது வெள்ளைம்மா?" என்றான். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

மறுநாள் விளக்கு வைக்கிற நேரம். நான் திரியைத் தூண்டிவிட்டுத் தீக்குச்சி கிழிக்கிறேன், இவன் கூடத்தில் நின்று போனில் சத்தமாகப் பேசுகிறான். "கரை உடைஞ்சா உள்ள நிக்கிற ஆள் போயிருவான் சார், அந்த நாப்பத்தஞ்சுக்குள்ள அதுவும் இருக்கு." விளக்கு ஏற்றுகிற நேரத்தில், லட்சுமி வாசலில் நிற்கிற நேரத்தில், என் மகன் வாயில் இப்படி ஒரு சொல்! ஓடிப்போய் அவன் வாயைப் பொத்தினேன். அந்தப் பக்கம் சந்தானம் சார் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார்.

"விளக்கு வச்ச வேளையில என்னப்பா பேச்சு பேசுத?"

"வேலைம்மா. விடு."

"ஆள் போயிருவான்னு சொன்னியே."

"போயிரக்கூடாதுன்னுதான்ம்மா சொல்லுதேன்."

"எதுக்குச் சொன்னா என்ன, வாயில வந்துட்டுல்லா? அந்த மூணாவது நம்பரை எடுத்துப் போடு."

"எடுக்க முடியாதும்மா, மூணும் வேணும்."

"அப்பம் குறைச்சு எழுது. கெட்டதை எதுக்கு அம்புட்டுப் பெரிசா உன் கையால எழுதணும்? உங்க அப்பாவுக்கு அந்த டாக்டர் பண்ணினதை நீ யாருக்குப் பண்ணப் போற?"

அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எனக்கும் அழுகை வந்துவிட்டது. விளக்கு முன்னாலேயே உட்கார்ந்தேன். "என் தலையில கை வச்சுச் சொல்லு, அந்த நம்பரை இனிமே வாயால சொல்ல மாட்டேன், கையால எழுத மாட்டேன்னு." நான் அப்படியே தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கை வந்து என் உச்சியில் விழுந்தது. ஐஸ் மாதிரி இருந்தது அந்தக் கை.

அப்புறம் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தான். நான் தோசை சுட்டு முடிக்கும்போது கூப்பிட்டுச் சொன்னான், "எம்மா, எண்பத்தி மூணு வந்துட்டு" என்று. மூணாவது நம்பரை இருபத்தைந்தாகப் போட்டுவிட்டான். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. பார்த்தியா, நல்லதை எழுதினால் நல்லது வரும் என்றேன். அவன் தோசை சாப்பிடவில்லை. வேலைக் களைப்பு.

வேலை தொடங்கிவிட்டது. சந்தானம் சார் ஆப்பிளோடு வந்து எனக்குக்கூட நன்றி சொன்னார். எனக்கு எதற்கு நன்றி என்று தெரியவில்லை. நான் அவருக்குக் காப்பி கொடுத்தேன்.

என்ன சொல்ல, நல்ல வெயில் நாள் அது. நான் மாடியில் மிளகாய் காயப்போட்டிருந்தேன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. மேலே மலையில் விடிய விடிய மழையாம், அணையைத் திறந்துவிட்டார்களாம். ஆற்றுப் பக்கமிருந்து சங்கு ஊதியது. எல்லாரும் கரையேறிவிட்டார்கள். உச்சிமாகாளியும் ஏறிவிட்டான். ஆனால் பம்ப் உள்ளே ஓடிக்கொண்டிருந்ததாம். நிறுத்தித் தூக்காவிட்டால் மோட்டார் போய்விடுமே என்று திரும்ப இறங்கினானாம். என் மகன் மேலே நின்று கத்தியிருக்கிறான், "உச்சி, அதை விடு, மேல வா" என்று. பம்ப் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. கையைக் காதில் வைத்து என்ன சார் என்று கேட்டிருக்கிறான். அப்போதுதான் கரை உடைந்தது.

அவனை எடுத்தது எங்கேயோ கீழே. நான் போகவில்லை. அவன் பெண்சாதி ஒச்சம்மாவை மட்டும் பார்க்கப் போனேன். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சுவரோடு உட்கார்ந்திருந்தாள். நான் திருநீறு பூசிவிட்டேன். என்னைப் பார்த்து, "உங்க வீட்டு ரசம் நல்லாருக்கும்னு சொல்லுவாரு" என்றாள்.

கம்பெனியில் கூட்டம் போட்டார்கள். எதிர்பாராத வெள்ளம் என்று எழுதினார்கள். சரிதானே, யார் எதிர்பார்த்தது? ஆனால் ஆவுடை எழுந்து நின்று, "நான் எதிர்பார்த்தேன்" என்று சொல்லியிருக்கிறான். சந்தானம் சார்தான் தோளைப் பிடித்து உட்காரவைத்தாராம், அதிர்ச்சியில் பேசுகிறான் என்று. பெரிய மனுஷன், அந்த நேரத்திலும் காப்பாற்றினார். ஆனால் முதலில் நம்பரைக் குறைக்கச் சொன்னதும் அவர்தானே. அந்த மனுஷன் அன்றைக்கு வந்து ஆரம்பிக்காமல் இருந்திருந்தால் என் பிள்ளைக்கு இதெல்லாம் உண்டா? எனக்கு அவர் மேலேதான் வருத்தம். ஒரு சின்னப் பையன் மனசை மேலதிகாரி இப்படிக் கலைக்கலாமா?

அதோடு வேலையை விட்டுவிட்டான். இப்போது எங்கள் ஊரில் ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறான். கல்யாணப் பேச்சு எடுத்தால் எழுந்து போய்விடுகிறான். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். அவன் பேச்சு மாறிப்போயிற்று, தாயி, அதைத்தான் தாங்க முடியவில்லை. பால் வாங்கப் போகும்போது வாசலில் நின்று சொல்கிறான்: "எம்மா, நல்லா நடந்தா பத்து நிமிஷம். சாதாரணமா கால் மணி நேரம். கெட்டுப்போனா வர மாட்டேன்." பாலுக்கு! தெருமுனைக் கடைக்கு! நான் காதைப் பொத்திக்கொள்கிறேன். அக்காவிடம் போனில் பேசினாலும் இதேதான், உன் பிள்ளைகள் ஸ்கூல் வேன் நல்லா நடந்தா இப்படி, கெட்டுப்போனா இப்படி என்று. அவள் இப்போது கூப்பிடுவதே இல்லை. வாரேன் என்று சொல்லிப் பழக்கின பிள்ளை, வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போகிறான். அவன் திரும்பி வரும்வரைக்கும் நான் வாசலிலேயே நிற்கிறேன்.

என்கிட்டே முகம் கொடுத்துப் பேசுகிறதும் இல்லை. ஒரு நாள் கேட்டேவிட்டேன், "நான் உனக்கு என்னப்பா பண்ணினேன்?" என்று. "உன் தலையில கை வச்சேன்லாம்மா" என்றான். என் தலைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயப்படுகிறான் போலிருக்கிறது. பாசக்காரப் பிள்ளை.

இன்னொன்று சொல்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை. தினமும் விளக்கு ஏற்றுகிற நேரத்தில் கொல்லைப் பக்கம் பம்ப் ஓடுகிற சத்தம் கேட்கிறது. டபடபவென்று, டீசல் பம்ப். முதலில் பக்கத்து வீட்டு மோட்டார் என்றுதான் நினைத்தேன். விசாரித்தால் எங்கள் தெருவிலேயே டீசல் பம்ப் கிடையாது. டாக்டர் காதில் அழுக்கு என்று எடுத்துவிட்டார். எடுத்தபிறகு இன்னும் தெளிவாகக் கேட்கிறது. போன மாசம் ஒரு நாள், தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நான் அப்படியே நின்றுவிட்டேன். கூடத்திலிருந்து ஆவுடை குரல் கொடுத்தான், "உனக்கும் கேக்குதாம்மா?" என்று. "என்னது கேக்குது? ஒண்ணும் கேக்கலையே" என்றேன். விளக்கை ஏற்றிவிட்டேன்.

பாலம் வருகிறதா? இன்னும் இல்லை. அந்தப் புளியமரம் தாண்டணும்.

நாளைக்குக் கோர்ட்டில் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒச்சம்மா போட்ட கேஸ். எதிர்பாராத வெள்ளம் இல்லை, கம்பெனிக்கு முன்னாடியே தெரியும் என்று அவள் வக்கீல் சொல்கிறார். சாட்சிக்கு என் மகனைக் கேட்டிருக்கிறார்கள். அவன் போய், நான் நாற்பத்தைந்து என்று எழுதியிருந்தேன், தெரிந்தே குறைத்தேன் என்று சொல்லப் போகிறானாம். சொன்னால் என்ன ஆகும்? இவனையும் சேர்த்துப் பிடித்து உள்ளே வைப்பார்கள். ஒச்சம்மா பாவம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அவள் பேரைச் சொல்லி தினமும் ஒரு விளக்கு போடுகிறேன். ஆனால் போன உயிர் திரும்பியா வரும்? இருக்கிற என் பிள்ளையை நான் பார்க்க வேண்டாமா?

நான் அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன். கடைசியில் அவனே இறங்கிவந்தான். "சரிம்மா, பூப் போட்டுப் பாரு. வெள்ளை வந்தா நான் வாயைத் திறக்கலை. சிவப்பு வந்தா நீ என்னைத் தடுக்கக் கூடாது" என்றான். எவ்வளவு நாளுக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசினான் தெரியுமா! ஆனால் சட்டம் போட்டான். "ஒரே ஒரு தடவைதான் போடணும். நீ எடுக்கக் கூடாது, முகம் தெரியாத ஆள் யாராவது எடுக்கணும். அவங்க கையில வந்ததை எனக்குக் கொண்டு வா." அப்புறம் மெதுவாகச் சொன்னான், "இந்த ஒரு தடவை மட்டும் கணக்கா போடும்மா." சொல்லும்போது சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது அவன் முகம்.

அதற்காகத்தான் காலையிலேயே கோயிலுக்கு வந்தேன். சன்னதி வரைக்கும் போனேன். என்னமோ, அம்மன் முன்னால் அந்தப் பொட்டலத்தை வைக்கக் கை வரவில்லை. பூசாரிகூடக் கேட்டார், என்னம்மா, வைக்கலையா என்று. கூட்டமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கூட்டம் ஒன்றும் இல்லை. நானும் இன்னும் ஒரு கிழவரும்தான்.

அப்புறம்தான் தோன்றியது, அம்மன் கோயிலில் மட்டுமா இருக்கிறாள், இந்த ஆறும் அவள்தானே என்று. பஸ்ஸில் ஏறினேன். உங்கள் முகத்தைப் பார்த்ததும் லட்சணமாக, முகம் தெரியாத ஆளாக… அவன் சொன்ன சட்டப்படிதான் தாயி. பாலத்து மேலே போகும்போது நீங்கள் ஒன்றை எடுத்துக் கொடுத்தால் போதும். எடுத்ததை நான் வீட்டுக்குக் கொண்டுபோவேன். எடுக்காததைப் பிரிக்காமல் ஆற்றில் போட்டுவிடணும், அதுதான் முறை.

இதோ பாலம் வந்துவிட்டது. பாருங்கள், எத்தனை பெரிய தூண். அந்த நடுவில் இருக்கிறதுதான். இலை வாடவில்லையே? பிடித்துக்கொள்ளுங்கள், இரண்டும் உங்கள் உள்ளங்கையில் இருக்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் கொடுங்கள்.

என்ன யோசிக்கிறீர்கள்? உங்கள் கையால் தப்பாக வந்துவிடுமோ என்றா? ஐயோ, அந்தப் பயமே வேண்டாம். உங்களுக்குப் பாவம் வந்து சேர நான் விடுவேனா? எதை எடுத்தாலும் வெள்ளைதான் தாயி. இரண்டிலும் நந்தியாவட்டைதான் வைத்திருக்கிறேன். சிவப்பைப் போய் என் கையால் எப்படி மடிப்பேன், என் பிள்ளை காரியத்துக்கு?

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? கூடையை எதற்கு என்னிடமே தருகிறீர்கள்?

டிரைவர் வண்டியை மெதுவாக்கிவிட்டாரா என்ன, சத்தம் மாறுகிறதே. டபடபவென்று… இல்லை, பஸ் சத்தம் இல்லை. கீழேயிருந்து வருகிறது. உங்களுக்குக் கேட்கவில்லையா? கேட்கவில்லை என்றே சொல்லுங்கள். சொல்லிவிட்டு, பாலம் முடிகிறதற்குள் ஒன்றை எடுத்துக் கொடுங்கள், தாயி.